குமரிக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு: அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்

முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி பள்ளி திறக்கும்வரை கன்னியாகுமரி, சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எங்கும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சித்திரைப் பௌர்ணமி மாலை சூரியன் இறங்குவதையும் நிலா எழுவதையும் ஒருசேரப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும். வாருங்கள். கிளம்பும் முன் இதைப் படித்து, உடன் வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வழக்கமானவை முதலில். 11 மணியிலிருந்து 4 மணிவரை மணலில் நிற்க வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் குழந்தைக்குத் தொப்பியும் செருப்பும் கட்டாயம். தண்ணீரும் மோரும் கைவசம் இருக்கட்டும். பாசி பிடித்த பாறையில் ஏறாதீர்கள். சொறிமீன் பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், மூச்சு முட்டினால் 108. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கடல் சீறினாலும் படகை நிறுத்துவார்கள், நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவார்கள். கவுன்டரில் சண்டை போடாதீர்கள். பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் மறுநாள் நடந்துகொள்ளலாம்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலை, சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். நம் ஊரில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். நாலைந்து சிற்றலை வந்து காலை நனைத்துப் போகும். அடுத்து வருவது ஆளைத் தூக்கிச் செல்லும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை நாம் இழந்தது இப்படித்தான். ஹைதராபாத்தின் கடல்சார் தகவல் மையம் விடுத்த கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள்.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் கடல் இழுக்கும். கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகக் கிடக்கும். அங்கே மணல் கலங்கி, நுரை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் முழுவதும் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. குடும்பங்கள் தேடிப்பிடித்துப் பிள்ளைகளை இறக்கிவிடுவதும் அங்கேதான், ‘இங்கே அலை இல்லை’ என்று!

அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் ஓரத்தில் இறங்காதீர்கள். கல்லை ஒட்டியும் இதே இழுப்பு ஓடும். ஆற்று முகத்துவாரத்தில் இறங்கவே இறங்காதீர்கள்.

முழங்கால் அளவுதானே என்கிறீர்கள். காலடி மணலை அலை அரித்ததும் முழங்கால் அளவு இடுப்பளவாகிவிடும். நீச்சல் தெரியும் என்கிறீர்கள். கிணற்றிலும் குளத்திலும் பழகிய நீச்சல் இங்கே எடுபடாது. கடுமையாக இழுக்கும்போது பந்தய வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. போன வருஷமும் இதே இடத்தில்தான் குளித்தோம் என்கிறீர்கள். மணல் திட்டு இடம் மாறும்போது வாய்க்காலும் மாறும். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் “மக்களே, அங்கே இழுக்கும், ஏறி வாங்க” என்று கத்தினால், அவரிடம் வாதம் செய்ய உங்களுக்கு என்ன தெரியும்? ஏறி வாருங்கள்.

சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். தெம்பு தீர்ந்துதான் ஆள் மூழ்குகிறார். இந்த நீரோட்டம் அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். சற்றுத் தள்ளி வேகம் தணியும். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்குங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து அதோடு கரை சேருங்கள்.

கரையில் நிற்பவர்கள் பின்னாலேயே குதிக்காதீர்கள், கைகோத்துச் சங்கிலியாகவும் இறங்காதீர்கள். ஒருவர் போன இடத்தில் மூவர் போவது இதனால்தான். மூடிய காலி கேன், டியூப், கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே 112ஐ அழையுங்கள்; கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. தூக்கி வந்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

குழந்தையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். மூழ்கும் குழந்தை கத்தாது. செல்போனைப் பையில் போடுங்கள்.

தினமும் காலையில் விடுதியிலோ காவல் உதவி மையத்திலோ கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அன்று கடலில் கால் நனைக்க வேண்டாம். மணலிலும் அலை எட்டாத மேட்டில் உட்காருங்கள்.