மீன் முட்டையின் வயது

நுழையும்முன்

மரத்தின் வயதை ஆண்டு வளையங்கள் சொல்லும். மீனின் வயதைச் செதிலும் செவிக்கல்லும் சொல்லும். ஒரே நாளில் பொரிந்துவிடும் முட்டையின் வயதை எது சொல்லும்? அதனால் விளையும் பயன் என்ன? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடம்.

ஏரியும் கடலும்

திருவள்ளூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்குளம் முதலிய ஊர்களின் மீனவர் வாழ்வு பழவேற்காடு ஏரியைச் சார்ந்தது. சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மடவை, கொடுவா போன்ற மீன்கள் இங்கு வளர்ந்தாலும் முட்டையிடக் கடலை நாடுகின்றன. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைகின்றன. மணல்மேடு அவ்வழியை அடைத்தால் மீன்வரவு குன்றும், வலை வெறுமையாகும். எனவே, முட்டை எங்கே, எப்போது இடப்படுகிறது என்பது மீனவரின் வாழ்வோடு பிணைந்த வினாவாகும்.

வளர்ச்சிப் படிநிலைகள்

கடல்மீன்கள் பலவற்றின் முட்டைகள் நீரில் மிதப்பவை, கண்ணாடிபோல் தெளிந்தவை. கொடுவாவின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. நுண்கண் வலையால் அரித்தெடுத்த முட்டையை நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே நிகழும் வளர்ச்சி புலப்படும். கருவுற்ற ஒற்றைச் செல் இரண்டாகும்; நான்காகும்; எட்டாகும்; பின்னர் எண்ணவியலாக் குவியலாகும். அக்குவியல் பரவி மஞ்சள்கருவை மூடும். உடல் உருப்பெறும், கண் தோன்றும், வால் விடுபடும், இறுதியில் உறையைக் கிழித்துக் குஞ்சு வெளிவரும்.

வெப்பநிலையின் பங்கு

படிநிலையை மட்டும் கொண்டு வயதைக் கணிக்க இயலாது. நீரின் வெப்பம் வளர்ச்சியை விரைவுபடுத்தும். ஏறத்தாழ 28 பாகை செல்சியசு நீரில் கொடுவா முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். குளிர்கடலில் வாழும் காட் மீனின் முட்டைக்கோ இரண்டு, மூன்று வாரங்கள் வேண்டும். ஆகவே, ஆய்வாளர்கள் ஓரினத்தின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் பொரிக்கவைத்து, ஒவ்வொரு படிநிலையும் தோன்றும் நேரத்தை அட்டவணைப்படுத்துவர். கடலில் கிடைத்த முட்டையின் படிநிலையையும் அந்நீரின் வெப்பத்தையும் அதனோடு ஒப்பிட்டு வயதை மணிக்கணக்கில் மதிப்பிடுவர். வயது தெரிந்தால் முட்டையிட்ட நேரம் தெரியும். நீரோட்டத்தையும் சேர்த்துக் கணித்தால் இட்ட இடமும் ஓரளவு தெரியும்.

எண்ணிக்கை உணர்த்துவது

முட்டைகள் பிற உயிர்களுக்கு இரையாவதால் வயது ஏற ஏற எண்ணிக்கை குறையும். அக்குறைவின் வேகத்தைக் கொண்டு, ஒரு நாளில் இடப்பட்ட மொத்த முட்டைகளைக் கணிக்கலாம். அத்தொகையை, ஒரு கிலோ மீன்திரள் ஒரு நாளில் இடும் முட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், கடலிலுள்ள தாய்மீன் வளம் புலனாகும். கலிபோர்னியக் கடலின் நெத்திலி இனத்திற்காக 1980களில் இம்முறை உருவாக்கப்பட்டது.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை உள்ளது. இனப்பெருக்கக் காலத்தில் மீன்வளத்தைக் காப்பதே அதன் நோக்கம். அக்காலத்தைச் சரியாக அறிய, கடுகினும் சிறிய முட்டையும் சான்றாகிறது.

சிந்தனை வினா

படிநிலை ஒன்றாயினும் முட்டைகளின் வயது வேறுபடலாம் – விளக்குக.