கிளட்ச்சை மிதிக்கும் இன்னொரு கால்

வாங்கி இரண்டு மாதமே ஆன, தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. கார். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது தயங்கி, பிறகு வெடுக்கென்று குலுங்குகிறது. பி.கே.சி. மேம்பாலத்தில் நெரிசலில் ஏறினால் பின்னால் உருள்கிறது. கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், சுனாபட்டி, மும்பை

கவலை வேண்டாம், பெரும்பாலும் கெட்டிருக்காது. 2014-இல் மாருதி செலெரியோவுடன் இந்தியாவில் பரவிய இந்த ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண கிளட்ச்சும் கியர்பாக்ஸும்தான். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு சிறு கருவி கிளட்ச்சை மிதிக்கிறது. அது மிதித்து, கியர் மாற்றி, விடும்வரை சக்கரத்துக்கு விசை போகாது. அந்த இடைவெளிதான் தயக்கம். அப்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் குலுங்கும்.

கியர் மாறும் தறுவாயில் காலைச் சற்றுத் தளர்த்துங்கள். சில நாளில் பழகிவிடும். மேம்பாலத்தில் மேனுவல் முறைக்கு மாற்றி முதல் கியரிலேயே ஏறுங்கள். நிற்க நேர்ந்தால் பிரேக் அல்லது ஹேண்ட்பிரேக்தான். ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தேய்ந்துபோகும்.

அப்படியும் குலுங்கினால் சர்வீஸ் சென்டரில் கிளட்ச்சை மறு அளவீடு செய்து, மென்பொருளையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ‘இது நார்மல்தான்’ என்ற வாய்மொழியோடு திரும்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் புகாரை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாரண்டிக்கும், தேவைப்பட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அதுதான் ஆதாரம்.

கருகிய வாடை வந்தாலோ, ஓடும்போதே நியூட்ரலுக்கு நழுவினாலோ ஓட்டிப் போகாதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள்.