கணினி கேள்வி-பதில்: பழைய விண்டோஸ், புதுப் பெட்டி

புது கம்ப்யூட்டரில் எக்ஸ்பி சிடி போட்டால் நீலத் திரை வந்து நிற்கிறது. 7பி என்று முடிகிற ஒரு நம்பர் தெரிகிறது. ராம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், கரூர்

ராமை மாற்றாதீர்கள், கடையை மாற்றுங்கள். 7பி என்றால் ஹார்ட் டிஸ்க் எக்ஸ்பியின் கண்ணில் படவில்லை. 2001-இல் வந்த எக்ஸ்பியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. பயாஸில் சாட்டாவை ஐடிஇ என்று மாற்ற இடம் இருந்தால் மாற்றிப் பாருங்கள். என்விஎம்இ டிஸ்க் என்றால் விட்டுவிடுங்கள்.

அச்சகம் வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட், அத்தனை வருட வேலையும் ஒரு எக்ஸ்பி மெஷினில். அது தள்ளாடுகிறது. புது மெஷினில் எக்ஸ்பி போட்டுத்தர ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?
– அச்சகக்காரர், சிவகாசி

கொடுக்காதீர்கள்! இந்தக் கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் எக்ஸ்பி, எக்ஸ்பி என்கிறீர்களே தவிர, டிஸ்க்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது சுற்றுகிறபோதே, இன்றே, கழற்றி முழு இமேஜ் எடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு வருவார் உங்கள் ஆள். ஃபான்ட் ஃபோல்டரை விட்டுவிடுவார். அப்புறம் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் இறைந்து கிடக்கும்.

புது மெஷினில் இருக்கிற விண்டோஸ் இருக்கட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், அதற்குள் எக்ஸ்பியை வையுங்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். டிஸ்க் கன்ட்ரோலர் ஐடிஇ. ராம் 1 ஜிபி தாராளம். சிலர் பெருமைக்கு 8 கொடுக்கிறார்கள். 32 பிட் எக்ஸ்பி 4-க்கு மேல் தொடாது.

நெட்வொர்க் கார்டைச் செட்டிங்கிலேயே எடுத்துவிடுங்கள். 2014 ஏப்ரல் 8-உடன் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றாயிற்று. கோப்பு போக வர ஷேர்டு ஃபோல்டர் போதும். உள்ளே பிடிஎஃப் ஆக்கி, வெளியிலிருந்து பிரின்ட் கொடுங்கள். யுஎஸ்பி டாங்கிள் இருந்தால் உள்ளே காட்டிவிடலாம். பிரின்டர் போர்ட்டில் செருகுகிற பழைய டாங்கிள் என்றால் மறுபடி எழுதுங்கள், அது வேறு தலைவலி.

விண்டோஸ் 7 இன்ஸ்டால் செய்கையில் கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்துப்போகின்றன.
– மாணவர், திருநெல்வேலி

சாகவில்லை. 7-இன் டிவிடியில் யுஎஸ்பி 3 டிரைவர் இல்லை. போர்டில் பிஎஸ்/2 துளை இருந்தால் பழைய கீபோர்டைச் செருகுங்கள்.

டர்போ பாஸ்கலில் எழுதிய என் பழைய புரோகிராம் டாஸ்பாக்ஸில் 'ரன்டைம் எரர் 200' என்கிறது. பூஜ்ஜியத்தால் வகுக்கிற வரி எங்குமே இல்லை.
– ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி

உங்கள் கணக்கில் பிழை இல்லை ஐயா. சிஆர்டி யூனிட் தொடங்கும்போது, 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து மெஷினின் வேகத்தை அளக்கும். வேகமான மெஷினில் விடை 16 பிட்டில் அடங்காது. ப்ராசஸர் அதற்கும் பூஜ்ஜியத்தால் வகுத்ததற்கும் ஒரே கூச்சல்தான் போடும். கன்ட்ரோல், எஃப்11 சேர்த்துச் சிலமுறை அழுத்தி டாஸ்பாக்ஸின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

16 ஜிபி ராம் உள்ள மெஷினில் விண்டோஸ் 98 நேரடியாக ஓடுமா?
– வாசகர், கோவை

512 எம்பியைத் தாண்டினாலே 98 திணறும். பழைய கேம் ஆடத்தானே? 86பாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சவுண்டு கார்டுகூட அந்தக் காலத்ததாகவே தேர்ந்தெடுக்கலாம்.