ஒற்றர் இருவர்

நாட்டைக் காக்கப் படை வேண்டும். படைக்குக் கண் வேண்டும். அக்கண்ணே ஒற்றன். 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அவனுக்குரிய பண்புகள் மூன்றினைக் கூறுகின்றார்: காண்பவர் ஐயுறாத தோற்றம், எவர்க்கும் அஞ்சாமை, அறிந்த மறையை எந்நிலையிலும் வெளியிடாத உறுதி. ஆங்கிலக் கதையுலகில் புகழ்பெற்ற ஒற்றர் இருவரை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்ப்போம்.

ஒருவன் ஜேம்ஸ் பாண்ட். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுத் துறையில் பணியாற்றிய இயான் பிளெமிங், 1953-ஆம் ஆண்டில் 'கேசினோ ராயல்' என்னும் புதினத்தின் வாயிலாக அவனை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அப்புதினத்தில் பாண்ட் பகைவனைச் சீட்டாட்டத்தில் வெல்கின்றான். பின்னர் அவனிடம் அகப்பட்டுக் கொடிய வதைக்கு உள்ளாகியும் வாய் திறந்தானல்லன். அஞ்சாமையும் உறுதியும் அவனிடம் நிறைந்துள்ளன. ஆனால், மறைந்து வாழும் கலையோ? அவன் தன் இயற்பெயருடனேயே விடுதியில் தங்குகின்றான். அவன் யாரென்பதைப் பகைவர் முன்னரே அறிந்திருக்கின்றனர். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. உடன் பணியாற்றிய வெஸ்பர் என்னும் மங்கையை அவன் மணக்க எண்ணுகின்றான். அவளோ பகைவர்க்கு உளவு சொல்பவள். அவள் இறந்தபின் கிடைத்த மடலைக் கண்டே அவன் உண்மையை உணர்கின்றான். எதிரில் நின்ற பகைக்கு அஞ்சாதவன், அருகில் இருந்த பகையை அறிந்தானல்லன்.

மற்றவர் ஜார்ஜ் ஸ்மைலி. உளவுத் துறையில் தாமே பணிபுரிந்த ஜான் லெ காரே, 1961-ஆம் ஆண்டில் இவரைப் படைத்தார். குள்ளமான பருத்த உடல். தடித்த மூக்குக் கண்ணாடி. தெருவில் கண்டால் எவரும் இவரைத் திரும்பிப் பார்க்கமாட்டார். 1974-இல் வெளிவந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' என்னும் புதினத்தில், உளவுத் துறையின் உயர்நிலையில் ஒளிந்திருக்கும் துரோகியைக் கண்டறியும் பொறுப்பு, பணியிலிருந்து விலகியிருந்த இவரிடம் வந்து சேர்கின்றது. இவர் இரவுதோறும் பழைய கோப்புகளைப் படிக்கின்றார். வேலை இழந்தவர்களைத் தேடிச் சென்று வினவுகின்றார். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடுகின்றார். ஓர் ஒற்றன் சொல்லை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்ற வள்ளுவர் நெறியும் இதுவேயன்றோ!

எனினும், ஸ்மைலியும் குறையற்றவர் அல்லர். மனைவியிடம் அவர் கொண்ட பேரன்பைச் சோவியத் உளவுத் தலைவன் கார்லா அறிந்தான். அவருடைய இல்லற வாழ்வில் பிளவு உண்டாக்குமாறு அத்துரோகியையே ஏவினான். அதன்பின் ஸ்மைலி அவன்மீது ஐயங்கொண்டால், அது சொந்தப் பகையால் எழுந்தது என்றுதானே தோன்றும்? உண்மை வெளிப்படுவதற்கு அதனால் நெடுங்காலம் சென்றது.

பாண்டின் துணிவு, காலம் தாழ்த்தலாகாத வேளையில் பயன்படும். பொறுமையாக உண்மையை ஆராய அது போதாது. ஸ்மைலியின் பொறுமை உண்மையைக் காணும். ஆனால் அது காணுமுன் பலர் அல்லலுறுவர். இருவரையும் வீழ்த்திய கருவி ஒன்றே; அது அன்பு.

1979-இல் வெளிவந்த 'ஸ்மைலிஸ் பீப்பிள்' என்னும் புதினத்தில், நோயுற்ற மகளிடம் கார்லா கொண்டிருந்த அன்பையே கருவியாக்கி, ஸ்மைலி அவனைப் பணியவைக்கின்றார். உடனிருந்தவர் அவர் வென்றதாகக் கூறியபோதும் அவர் முகம் மலரவில்லை. பகைவன் தம்மீது எறிந்த கருவியைத் தாமே கையாண்டமையை அவர் அறிவார். வெற்றியால் களிப்படையாத அந்நெஞ்சம் அவருடைய குறையா, நிறையா? மாணவர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள்.