விளையாட்டுக் காவலும் வீட்டின் மறைவும்

காஞ்சியில் பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டிலேயே நடைபெறுவது. கூட்டுறவுச் சங்கத்தாரோ முதலாளியோ பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பர். நெய்து முடிந்த சேலையை மீண்டும் நிறுத்து வாங்கிக்கொள்வர். நிறை குறையின் நெசவாளி விடை கூறவேண்டும். பண்டம் விலையுயர்ந்ததாயினும், அதனைக் காக்கும்பொருட்டு அவர் இல்லத்தில் ஓர் ஆளை இரவும் பகலும் இருத்தினார் என்று யாம் கேட்டதில்லை. இதனை மனத்திற்கொண்டு, கணிப்பொறி விளையாட்டில் எழுந்துள்ள ஒரு சிக்கலை ஆராய்வாம்.

பலர் வலைவழிக் கூடி ஆடும் ஆட்டங்களில் வஞ்சனை மிகுதி. சுவருக்கப்பால் மறைந்த பகைவனைக் காட்டுவனவும், தாமே குறிபார்த்துச் சுடுவனவுமாகிய கள்ள மென்பொருள்கள் விலைக்கே கிடைக்கின்றன. 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் நிகழ்ந்த கவுண்டர்-ஸ்டிரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா என்னும் நம் நாட்டுக் குழுவினருள் ஒருவர் அத்தகைய கருவியை 'வேர்டு' என்னும் பெயரில் மறைத்து வைத்திருந்தமை வெளிப்பட்டது. குழு முழுதும் நீக்கப்பட்டது. உடனே கலைக்கவும் பட்டது. ஒருவர் பிழையால் ஏனைய நால்வரும் இழந்தனர். ஆதலின் காவல் வேண்டுவதே.

நிற்க. அக்காவல் எங்கே நிற்றல் வேண்டும்? கணிப்பொறியினுள் 'கெர்னல்' எனப்படும் உள்ளறை ஒன்றுண்டு. நினைவகமும் விசைப்பலகையும் வட்டும் அதன் ஆணைக்குட்பட்டவை. சாதாரண மென்பொருள்கள் அதற்குப் புறத்தே இயங்குவன. 2020இல் வாலரண்ட் என்னும் ஆட்டத்துடன் வந்த 'வான்கார்டு' என்னும் காவற்கருவியோ உள்ளறையிலேயே அமர்ந்தது. பொறி விழிக்கும்போதே தானும் விழித்து, ஆடாத நேரத்தும் அங்கிருந்தது. அதனை அணைத்தோர், மீண்டும் ஆடப் பொறியையே புதிதாய்த் தொடங்கவேண்டியதாயிற்று. கம்பெனியார் கூறிய காரணம் பொய்யன்று: கள்ளன் முன்னரே புகுந்துவிட்டால், பின்வரும் காவலன் அவனைக் காண்டல் அரிது.

எனினும், உள்ளறையில் நிற்பவன் எதனையும் காணவல்லன். அவன் நம் கடிதங்களைப் படிக்கின்றான் என யாம் குற்றஞ்சாட்டவில்லை. படிக்கக்கூடிய இடத்தில் நிற்கின்றான் என்பதே பொருள். அவன் கையிலுள்ள திறவுகோல் பிறர்க்கும் பயன்படும். கென்ஷின் இம்பாக்ட் என்னும் ஆட்டத்தின் காவற்கருவியைக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தார் கைக்கொண்டு, வைரஸ் தடுப்பு மென்பொருளைச் செயலறச் செய்தமை 2022இல் வெளியாயிற்று. அவ்வாட்டம் இல்லாத பொறியிலும் இது இயலும். நம்பத்தக்கது என்னும் முத்திரையை அக்கருவி பெற்றிருந்ததே காரணம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். குறித்த நோக்கத்திற்கு வேண்டிய அளவே தகவல் பெறுதல் வேண்டும் என்பதும், 18 வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பதும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து. நடப்பது யாது? மாணவன் 'இசைகிறேன்' என்பதை அழுத்துகின்றான், அழுத்தாவிடின் ஆட்டமில்லை. தந்தையார் சேலைக் கணக்கு எழுதுவதும், தமக்கை தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் அதே பொறியிலன்றோ? அவர்தம் இசைவை யார் கேட்டனர்?

நிறுத்து வாங்கும் முறை இதற்கும் உண்டு. ஒருவன் காணலாகாத பகைவனின் இருப்பிடத்தை நடுநின்ற சர்வரே அவனுக்கு அனுப்பாதிருக்கலாம். வாலரண்டை ஆக்கினோரும் இதனைச் செய்துள்ளனர். அவன் குறி மனித ஆற்றலுக்கு மிஞ்சியதோ என்பதையும் ஆட்டப் பதிவைக்கொண்டு அங்கேயே ஆராயலாம். இவற்றால் கள்ளம் முழுதும் அகப்படாது என்பது மெய். பரிசுப் போட்டிகளில், நடத்துவோர் தம் பொறிகளிலேயே ஆடச்செய்து கடுங்காவல் வைக்கட்டும். மாலையில் வீட்டில் ஒருமணி நேரம் ஆடும் சிறுவனுக்கும் அத்துணைக் காவல் வேண்டுமோ என்பதே எமது ஐயம்.