காது கேளாக் குழந்தையும் பெற்றோர் கடமையும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் கருவி பொருத்துவதா, வேண்டாமா? விடை கூற வேண்டிய குழந்தைக்கோ இன்னும் பேச்சே வரவில்லை. பெற்றோரே அதற்காக முடிவு செய்கின்றனர். அம்முடிவின் பொறுப்பு எத்தகையது என்பதை ஈண்டு சற்றே ஆராய்வோம்.

உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவை நாம் உயிரியல் நோட்டில் வரைந்திருக்கிறோம். அதிலுள்ள மயிர்ச்செல்கள் ஒலி அதிர்வை மின்துடிப்பாக்கிச் செவி நரம்புக்கு அனுப்புகின்றன. அவை பெரிதும் பழுதுபட்டால், சாதாரணக் கருவி ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் பயன் சிறிதே. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் 1978இல் மெல்போர்னில் பொருத்திய கருவியோ நரம்பையே நேராகத் தூண்டியது. அவருடைய தந்தையும் காது மந்தமானவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1990இல் அமெரிக்க அரசு இதனைக் குழந்தைகளுக்கும் அனுமதித்தது. மறு ஆண்டே அந்நாட்டுக் காது கேளாதோர் தேசியச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சைகை மொழியுடன் நிறைவாக வாழ்வோரை நோயாளிகளாக எண்ணலாமா என்பது அவர்கள் மனக்குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2000இல் அச்சங்கம் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது.

ஆனால் பெற்றோர் நெடுநாள் யோசிக்கவும் இயலாது. மூளை மொழியை எளிதில் பற்றிக்கொள்வது முதற்சில ஆண்டுகளில்தான். தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இச்சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது பெரும் உதவியே.

எனினும் மருத்துவமனையில் முடிவது தொடக்கம் மட்டுமே. சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கும்போது குழந்தைக்குக் கேட்பது பொருளற்ற இரைச்சல். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதற்கே பயிற்சி வேண்டும். ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். சோறூட்டும்போதும் தலை வாரும்போதும் தாய் ஓயாது பேச வேண்டும். (தந்தைக்கும் வாய் உண்டன்றோ!) பாட்டரிச் செலவும் பழுதுபார்க்கும் செலவும் தொடர்ந்து வரும். இவற்றை எண்ணாமல் ஒப்புக்கொண்டால், கருவி பெட்டியில் உறங்கும். குழந்தையின் பொன்னான பருவமும் கழிந்துவிடும்.

கருவி பொருத்தியபின் சைகை காட்டினால் பேச்சு வராது என்று குழந்தையின் கையைக் கட்டிப்போடுவோர் உளர். நமக்கு இது சரியாகப் படவில்லை. பேச்சு வரத் தாமதமானால், அதுவரை அக்குழந்தை எம்மொழியில் நினைக்கும்? மேலும், உறங்கும்போது கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிவிடுவது வழக்கம். நள்ளிரவில் விழித்து, "தண்ணீர்" என்று அது வாயால் கேட்டாலும், "இதோ வருகிறேன்" என்னும் தாயின் விடை கையால்தான் அதனிடம் சேரும்.