மெலிந்தவர் நல்ல முறையில் நிறை கூட்டுவது எப்படி?



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும் மெலிந்த பிள்ளையைப் பார்த்து, "என்ன, அம்மா சாப்பாடு தாறேல்லையோ?" என்று கேட்காத பெரியவர்கள் நம்மிடையே குறைவு. அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் பிள்ளை தலையைக் குனிகிறது. பக்கத்தில் நிற்கும் தாயின் முகம் வாடுகிறது. வீட்டுக்குப் போனதும் தாய் நெய்யையும் இனிப்பையும் கூட்டுகிறார். வளர்ந்த மகனாக இருந்தால் கடையிலே பெரிய பேணியில் விற்கும் நிறை கூட்டும் மாவை வாங்கி வருகிறான். இந்த இரண்டு வழிகளும் நமது மக்களுக்கு ஏன் பொருந்தாதவை, பொருந்தும் வழி எது என்பதே இன்றைய பாடம்.

1. மெலிவு என்பது எது?

கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உடலின் நிறையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, நிறையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். வரும் எண் 18.5 இலும் குறைவாக இருந்தால் வளர்ந்தவர் ஒருவர் நிறை குறைந்தவர் என்று உலக சுகாதார நிறுவனமும் கனடிய சுகாதாரத் துறையும் கொள்கின்றன. 1.70 மீற்றர் உயரமுள்ளவருக்கு இந்த எல்லை ஏறத்தாழ 53.5 கிலோ. 1.55 மீற்றர் உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 44.5 கிலோ.

இந்த எல்லைக்கு மேலே இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, பல ஆண்டுகளாக ஒரே நிறையில் இருப்பவர் வெறும் ஒல்லியானவரே, நோயாளி அல்லர். தந்தையும் பேரனும் ஒரே உடல்வாகில் இருப்பது நாம் அறிந்ததுதானே! பிள்ளைகளுக்கு இந்த எண் பொருந்தாது. அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை உண்டு. அதை வைத்தியர் பார்த்துச் சொல்வார்.

2. புனே நகரம் தரும் பாடம்

2004 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் ஒரு படமும் சிறு குறிப்பும் வெளியாயின. படத்தில் இருவர்: ஒருவர் புனேயைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் யட்கின். மேலே சொன்ன கணக்கின்படி இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது இலண்டன் வைத்தியருக்கு 9.1 வீதம், புனே வைத்தியருக்கு 21.2 வீதம்! நிறை கூடியவர் என்று எவரும் சொல்லாத உடலுக்குள்ளே இரண்டு மடங்குக்கு மேற்பட்ட கொழுப்பு இருந்தது.

அதே யாஜ்னிக் குழுவினர் புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003 இல் எழுதினார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி நிறை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. சிறிய குழந்தைகளுக்குத் தசை மிகக் குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

தென்னாசியரான நம்மில் பலருக்கு இந்த உடலமைப்பு உண்டு. கையும் காலும் மெலிந்திருக்கும். உண்ட மிகுதி வயிற்றிலே சேரும். நமது சமூகத்தில் நீரிழிவு இத்தனை இளவயதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, மெலிந்தவர் நெய்யும் சீனியும் உண்டு 5 கிலோ கூட்டினால், அந்த 5 கிலோவும் இடுப்பைச் சுற்றி நிற்கக்கூடும். நமக்கு வேண்டியது தசையும் எலும்பும் பெருகும் நிறை.

3. எவ்வளவு, எதை உண்பது?

வழக்கமான உணவோடு நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூட்டினால் போதும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை கூடுவது நல்ல வேகம். ஒரு கோப்பை முழு ஆடைப்பால் (250 மில்லிலீற்றர்) ஏறத்தாழ 150 கலோரி, ஒரு வாழைப்பழம் 100, இரண்டு மேசைக்கரண்டி கச்சான் பட்டர் 190. மூன்றும் சேர்ந்தால் 440 கலோரி. புரதமும் 16 கிராம் வரை கிடைக்கிறது. இவ்வளவுக்கும் அடுப்பு மூட்டத் தேவையில்லை.

நமது தட்டிலே உள்ள குறை, சோறு மலைபோலவும் பருப்பு நீர்போலவும் இருப்பது. ஒரு கோப்பைச் சோற்றில் புரதம் 4 கிராம்தான். தடிப்பாகச் சமைத்த பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம் வரை உண்டு. எனவே சோற்றைக் கூட்டாமல் பருப்பைத் தடிப்பாக்குங்கள். அத்துடன்:

• உளுத்தம்மாக் களி, பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை ஆகியவை ஊரிலே பருவமடைந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் பாட்டிமார் கொடுத்தவை. உளுந்தில் நூற்றுக்கு 24 கிராம் அளவில் புரதம் உண்டு. சர்க்கரையை மட்டாகப் போட்டால் இன்றும் சிறந்த மாலை உணவு.
• அவித்த கடலை, கௌபி, முளைவிட்ட பயறு.
• தயிர், பனீர், சோயா. மச்சம் உண்பவர்களுக்கு விரதமில்லாத நாட்களில் முட்டையும் மீனும்.
• ஒரு கைப்பிடி கச்சான் அல்லது கஜு. 30 கிராமில் ஏறத்தாழ 170 கலோரி.

பசி குறைந்தவர்கள் மூன்று வேளையை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்து உண்ணலாம். சாப்பாட்டுக்குச் சற்று முன் தேநீரும் தண்ணீரும் வயிறு நிறையக் குடித்தால் பசி அடங்கிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மொன்றியலின் மாரியில் விற்றமின் டி உண்டாகத் தேவையான வெயில் நமது தோலுக்குக் கிடைப்பதில்லை. கனடாவில் விற்கும் பசுப்பாலில் இந்த விற்றமின் சேர்க்கப்படுகிறது. தனி மரக்கறி உண்பவர்கள் விற்றமின் பி12 அளவையும் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பசியைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கும் சிரப்புகளில் சிலவற்றில் சைப்ரோஹெப்டடின் என்னும் ஒவ்வாமை மருந்து உண்டு. அது தூக்க மயக்கத்தைத் தரும். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்று பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

4. தோப்புக்கரணத்தின் பயன்

கூடுதலாக உண்ட உணவு தசையாக வேண்டுமானால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று கனடிய வழிகாட்டல் கூறுகிறது. அதற்குப் பணம் கட்டி எங்கும் போகத் தேவையில்லை. பிள்ளையார் முன் மூன்று தரம் போடும் தோப்புக்கரணத்தை முழங்கால் நன்றாக மடியுமாறு மெதுவாகப் போட்டு, வாரந்தோறும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தண்டால் முடியாதவர்கள் சுவரிலே கை ஊன்றித் தொடங்கலாம். பாக் எக்ஸ்ரென்சனில் மூன்றாம் மாடிக்கு அரிசிப் பை சுமந்து ஏறியவர்களுக்குத் தசை எப்படி வளரும் என்று சொல்லத் தேவையில்லை! மூட்டு வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

5. விரதம்

கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி இருந்தால்தான் பலன் என்று மெலிந்த பிள்ளைகளை வற்புறுத்தக் கூடாது. இயன்ற அளவு நோற்பதும் விரதமே. நிறை குறைந்தோர், கர்ப்பிணிகள், நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் பாலும் பழமும், அல்லது ஒருவேளை உணவும் எடுத்து விரதம் காக்கலாம். உடலை இறைவன் உறையும் கோயிலாகக் காண்பது திருமூலர் காட்டிய நெறி. கோயிலைப் பாழாக்கிப் பூசை செய்வார் உண்டோ?

6. எப்போது வைத்தியரிடம் போவது?

முயலாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நிறையில் 5 வீதம் குறைந்தால் (60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ) காலம் தாழ்த்த வேண்டாம். தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்தல், நீரிழிவு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், காசநோய், மனச்சோர்வு முதலிய பல காரணங்கள் இருக்கலாம். உணவைக் கண்டு அஞ்சும், உண்டதை மறைக்கும் பிள்ளைக்கும் உதவி தேவை, ஏச்சு உதவாது. குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 என்ற இலக்கத்தில் இன்ஃபோ-சான்ரே சேவைக்கு எந்நேரமும் அழைத்துத் தாதியோடு கதைக்கலாம்.

முதியவர்களையும் மறவாதீர்கள். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின், தனியே இருந்து பாணும் தேநீரும் குடித்து நாளைக் கழிக்கும் பெற்றோர் பல வீடுகளில் உள்ளனர். பல்லும் தனிமையும் அவர்களை மெலியச் செய்கின்றன. மதியத்தில் ஒரு தொலைபேசி அழைப்பும் குழையச் சமைத்த பருப்புச் சோறும் மருந்துக்கு நிகர்.

7. அளந்து பாருங்கள்

வாரத்தில் ஒரே நாள், காலையில், உண்ணுமுன் நிறையைப் பாருங்கள். அன்றே இடுப்பின் சுற்றளவையும் மேற்கையின் சுற்றளவையும் எழுதுங்கள். கை பருத்து இடுப்பு அப்படியே இருந்தால் வழி சரி. இடுப்பு மட்டும் கூடினால் இனிப்பைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுங்கள். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பின் எல்லைகள்.

வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. 1.60 மீற்றர் உயரமும் 45 கிலோ நிறையும் உள்ள ஓர் அக்காவின் எண் என்ன? அவர் நிறை குறைந்தவரா?
2. ஒரே எண் கொண்ட இரு வைத்தியர்களின் உடல்கள் எவ்வகையில் வேறுபட்டன?
3. உங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டில் புரதம் தரும் உணவுகள் எவை?

பெரியவர்களுக்கு ஒரேயொரு வீட்டுவேலை. அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் மெலிந்த பிள்ளையைக் கண்டால் உடம்பைப் பற்றி ஒன்றும் கேளாமல், "எப்படிப் படிக்கிறாய் ராசா?" என்று கேட்டு, தட்டிலே இன்னும் ஒரு கரண்டி கடலை வைத்துவிடுங்கள்.

எல்லோரும் நோயற்ற வாழ்வு வாழ முருகப்பெருமான் அருள் புரிவாராக.